தங்கையின் முகம்

காயில்காரர் வீட்டு மாடியில் ஏழு வருஷம் குடியிருந்தேன். கருகிப்போன மோட்டார்களைப் பிரித்து, வெந்த செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். முன்னறைதான் பட்டறை. வார்னிஷ் வாடை படியேறி என் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துவிடும். குடிவந்த புதிதில் குமட்டியது. ஆறு மாதத்தில் அந்த வாடை இல்லாத நாளில்தான், அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று எட்டிப் பார்க்கத் தோன்றியது.

பின்னறை பெரியவளுடையது. பத்தொன்பது வயதில் இடுப்பில் பிடித்த வலி, படிப்படியாக முதுகில் ஏறிக் கழுத்துவரை வந்து, எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிட்டது. நான் போனபோது அவளுக்கு முப்பத்து நான்கு. தலைமாட்டை உயர்த்திய இரும்புக் கட்டிலில் சாய்ந்தபடியே கிடப்பாள். கைகள் மட்டும் தப்பித்திருந்தன. யாராவது பக்கவாட்டில் நின்று பேசினால் பிடிக்காது. "எதிர்ல வாங்க டீச்சர். நான் என்ன பேயோடயா பேசறது?" என்பாள்.

அம்மா இறந்து வெகுகாலம். பெரியவளைத் தூக்குவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் சின்னவள். அக்காவைவிட ஆறு வயது இளையவள். தெருமுனை பேக்கரியில் ரொட்டி அறுத்து உறைபோடும் வேலை. விடிகாலையில் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் அக்காவின் முதுகுக்கடியில் கைகொடுத்து ஒருமுறை தூக்கிவிடுவாள். பெரியவளின் தலையணை உறையில் எப்போதும் மாவு படிந்திருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் நீலப் பை மாட்டிக்கொண்டு ஒரு பெண் அந்த வீட்டைத் தேடி வந்தாள். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்குக் கணினி வழியாக வேலை தரும் திட்டமொன்றின் களப்பணியாளர். மடிக்கணினி, காதில் மாட்டும் கருவி, ஒரு போன் எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். பேச்சுப் பதிவுகளைக் கேட்டு, சொல் விடாமல் எழுத்தாக அடிக்க வேண்டும். கூட்டங்களில் பேசியது, டாக்டர்கள் சொல்லி வைத்த குறிப்பு, விசாரணைகள் என்று பலதும் வரும்.

இரண்டு மாதம் பயிற்சி. கடைசியில் தேர்வு. பெரியவள் முதலாவதாக வந்தாள். நான் வாழ்த்தினதும், "பதினஞ்சு வருஷமா கேக்கறதத் தவிர வேற என்ன வேலை எனக்கு?" என்றாள். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. காயில்காரர் அன்றைக்குப் பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், மோட்டாருக்கு என்ன கேடு என்று கேட்பதற்கு முன்னால், "பெரியவ வேலைக்குப் போறா" என்றார். எங்கே போகிறாள் என்று ஒருவர் கேட்டதற்கு, "பின்னறைக்கு" என்றார்.

வேலை தொடங்கும் முன் ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. ஆள் இவள்தான் என்று போன் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

திரையில் ஒரு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் பெரியவள் முகம். "உங்கள் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள்" என்றது போன். குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி ஒரு குரல்.

"தலையத் திருப்பச் சொல்லுதுக்கா," என்றாள் சின்னவள்.

"காது கேக்குதுடி. கழுத்துதான் கேக்கல."

எல்லோரும் சிரித்தோம். இது ஒரு சின்னச் சிக்கல், பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தோம். சின்னவள் போனை எடுத்து அக்காவின் முகத்தைச் சுற்றி மெல்ல வளைத்துக் கொண்டுபோனாள். "போனை அசைக்காமல் பிடியுங்கள்" என்றது அது.

காயில்காரர் தாடையைத் தடவினார். "போன் அசையக் கூடாது, ஆள் அசையணும். அவ்வளவுதானே? கட்டிலை அசைச்சாப் போச்சு."

மறுநாள் பழைய தள்ளுவண்டியிலிருந்து நான்கு சக்கரங்களைக் கழற்றிக் கட்டில் காலுக்குப் பொருத்தினார். போனுக்கு இரும்பில் ஒரு தாங்கி அடித்தார். எனக்கு விளக்குப் பிடிக்கிற வேலை. "ரெடியா?" என்று கேட்டுவிட்டு, சின்னவள் கால்மாட்டைப் பிடித்து வளைத்துத் தள்ளினாள். வட்டத்தில் பாதி பச்சையானது. கைதட்டினோம். வலப்பக்கம் தள்ளும்போது கட்டில் பீரோவில் இடித்து நின்றது. நேரம் முடிந்துவிட்டது என்றது போன்.

பீரோவை முற்றத்துக்குத் தள்ளினோம். வெளியே மழை. பீரோமேல் ஒரு பழைய படுதாவைப் போட்டு மூடிவிட்டு மறுபடி தொடங்கினோம். இடம் முடிந்தது, வலம் முடிந்தது. "இப்போது மேலே பாருங்கள்" என்றது.

"மேலயா?" என்று காயில்காரர் என்னைப் பார்த்தார்.

"தலைமாட்டை இறக்கணும்ப்பா, சீக்கிரம்!" என்று சின்னவள் கத்தினாள். நானும் ஒரு கைகொடுக்கக் குனிந்தேன். "ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் தெரிகின்றன" என்றது போன். என் முகமும் வட்டத்துக்குள் போயிருந்தது.

மூன்றாம் முறை காயில்காரர் தலைமாட்டைத் தூக்கி நிறுத்தியிருந்த முட்டுக்கட்டையைக் காலால் தட்டிவிட்டார். தலைமாடு தடாலென்று இறங்கியது. பெரியவளின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு யாரும் போனைப் பார்க்கவில்லை. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அந்த வலியில் அவளால் கையைத் தூக்க முடியவில்லை, சின்னவள்தான் துடைத்துவிட்டாள்.

"போதும்ப்பா," என்றாள் பெரியவள். "நான் என்ன மோட்டாரா?"

இருபத்து நான்கு மணி நேரம் கழித்து முயலும்படி போன் சொல்லிக்கொண்டிருந்தது. காயில்காரர் முற்றத்துக்குப் போய் நனைந்த பீரோவைத் தனியாளாக உள்ளே இழுத்துவந்தார். யாரையும் தொடவிடவில்லை.

மறுநாள் பெரியவள் களப்பணிப் பெண்ணைப் போனில் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, இதுக்குன்னே ஒரு ஃபார்ம் இருக்கு. விதிவிலக்கு ஃபார்ம். அதப் போட்டீங்கன்னா வேற வழியில உறுதிசெய்வாங்க."

"நல்லதாப் போச்சு. எங்க இருக்கு?"

"உங்க கணக்குக்குள்ள போனா இடது ஓரத்துல இருக்கும்க்கா."

"கணக்குக்குள்ள எப்படிப் போறது?"

"முகம் காட்டித்தான்க்கா."

"அதுக்குத்தானேம்மா ஃபார்ம்?"

"ஆமாங்கா."

"சரி, நேர்ல வந்தா?"

"மையத்துக்கு வரலாம். ரெண்டாவது மாடி. லிஃப்ட் இருக்கு. ஆனா கட்டில் போகாது."

"அப்ப நீயாவது என்னை நேர்ல பாத்தவதானே? இந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்க. நான்தான் நான்னு எழுதிக் குடு."

"எழுதிக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லக்கா. அப்படி ஒரு ஆப்ஷனே வரல. மேல நாலு தடவ சொல்லிட்டேன்." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "வீட்ல தங்கச்சி இருக்காங்கல்ல? உங்க ஜாடைதானே... நான் எதுவும் சொல்லலக்கா. வெச்சிடறேன்."

பெரியவள் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் அவளே சின்னவளைக் கூப்பிட்டு, "ஒருதடவதான். காட்டிட்டுப் போ," என்றாள்.

சின்னவள் கட்டிலோரம் உட்கார்ந்து தலையை இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள், அண்ணாந்தாள், குனிந்தாள். ஒன்பது நொடி. வட்டம் முழுக்கப் பச்சையாகி, "வாழ்த்துகள்! இனி நீங்களும் எங்களில் ஒருவர்" என்றது. யாரும் கைதட்டவில்லை.

வேலை தொடங்கியது. பொய் சொல்லக் கூடாது, அந்த முதல் இரண்டு மாதம் அந்த வீடே வேறு வீடாக இருந்தது. வயிற்றின் மேல் ஒரு சாய்பலகை, அதன்மேல் கணினி, காதில் கருவி. பெரியவள் அடிக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கும். எவனோ இருமிக்கொண்டே பேசியதைக்கூட ஒரு சொல் விடாமல் பிடித்துவிடுவாள். "டீச்சர், இந்தாளு ஒவ்வொரு வரிக்கும் 'அதாவது'ங்கறான். அத்தனையும் அடிக்கணுமாம். நாப்பத்தெட்டு 'அதாவது' அடிச்சேன்," என்று அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொள்வதற்கு ஒரு வேலை கிடைத்த பெருமை அதில் இருக்கும். காயில்காரர் யாராவது மோட்டாரைக் கீழே சத்தமாக வைத்தால், "மெதுவா, உள்ள ஆபீஸ் நடக்குது" என்று அதட்டுவார்.

ஒருதடவைதான் என்று நினைத்தது தப்பாகப் போனது. ஒரு நாளைக்கு இரண்டு முறையோ மூன்று முறையோ, எந்த நேரமென்று இல்லாமல், போன் மணியடித்து முகத்தைக் கேட்டது. கால் மணி நேரத்துக்குள் காட்டவேண்டும். போனும் கணினியும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பதும் விதி, அதனால் சின்னவள் போனைக் கையோடு கொண்டுபோகவும் வழியில்லை.

மணியடித்ததும் காயில்காரர் கையிலிருக்கும் கம்பியைப் போட்டுவிட்டு பேக்கரிக்குச் சொல்லியனுப்புவார், அல்லது அவரே ஓடுவார். அறுபத்து மூன்று வயது. சின்னவள் ஓடிவந்து மூச்சிரைக்க நிற்பாள். "தலையுறையை அகற்றவும்" என்று சொல்லும். அகற்றினால், "முகம் தெளிவாக இல்லை" என்று சொல்லும். மாவு. முந்தானையால் துடைத்துக்கொண்டு தலையைத் திருப்பிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் திரும்ப ஓடுவாள். பேக்கரி முதலாளியம்மா நல்லவள், மூன்று மாதம் பொறுத்தாள். அப்புறம் அவளும், "உனக்கு இங்க வேலையா, வீட்ல வேலையா, முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

இதைப் பற்றி அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை நடந்த மத்தியானம் நான் கீழேதான் இருந்தேன். வெயில் காலம் தொடங்கியிருந்தது. சின்னவள் வேலை முடிந்து வந்து, அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, பின்தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் சொல்லல?" என்று பெரியவள் தொடங்கினாள்.

"என்ன சொல்லணும்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுக்கடை தொறக்கறாங்க. அதுக்கு உன்னப் பொறுப்பாப் போடறேன்னாங்களாமே."

"யாரு சொன்னா?"

"உன் முதலாளியம்மா மாவரைக்கிற மோட்டாரக் குடுக்க வந்தப்ப அப்பாகிட்ட கேட்டா, 'ஏன் உங்க பொண்ணு வேண்டாங்கறா'ன்னு. முன்னறைல பேசினா பின்னறைல கேக்காதா?"

சின்னவள் துணியைப் பிழிந்தாள். "வேண்டாம்னுட்டேன், அவ்வளவுதான்."

"ஏன் வேண்டாம்? பன்னெண்டு வருஷமா நின்னுக்கிட்டே ரொட்டி அறுக்கற. உக்காந்து பாக்கற வேலை வந்தா கசக்குதா?"

"பஸ்ல முக்கால் மணி நேரம்க்கா. கால் மணி நேரத்துல என் மூஞ்சி இங்க இருக்கணும். பறந்து வரட்டுமா?"

"அப்ப என்னாலதான்."

"உன்னாலன்னு நான் சொன்னேனா?"

"சொல்லாமலே தெரியுதே. ஓடிவர்ற, காட்டற, ஓடிப்போற. என்னை ஏறெடுத்துப் பாக்கறதில்ல."

பட்டறையில் கம்பி சுற்றும் சத்தம் நின்றுவிட்டது.

"சரி, சொல்றேன் கேட்டுக்கோ," என்று சின்னவள் கட்டிலுக்கு எதிரே, அக்காவின் கண்ணுக்கு நேரே வந்து நின்றாள். "பதினஞ்சு வருஷமா உன்னத் தூக்கறேன். பீ மூத்திரம் எடுத்திருக்கேன். ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பேனா? இல்லல்ல? ஆனா போன் அடிச்சிருக்குன்னு ஆள் வந்தாலே எங்கயாவது ஓடிடலாமான்னு இருக்கு. கடைல ஏதாவது மணி அடிச்சாலும் கை தானாத் தலையுறையக் கழட்டுது. கையக் குடுக்கறது வேற, மூஞ்சியக் குடுக்கறது வேறக்கா. காலைல தலை வாரக் கண்ணாடியப் பாத்தா, இது என்னோடதா உன்னோடதான்னு வருது."

"நான் சம்பாதிக்கணும்னு நெனச்சது உன் பாரத்தக் கொறைக்கத்தான்டி."

"தெரியும்க்கா."

"கொறையல."

"இல்ல," என்றாள் சின்னவள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். காயில்காரர் வாசற்படியில் நின்று இருவரையும் பார்த்தார். பேசத் தெரியாத மனுஷர். "டீ போடட்டுமா?" என்றார்.

மறுநாள் பத்தரை மணிக்குப் போன் அடித்தது. காயில்காரர் செருப்பை மாட்டினார்.

"போகாதீங்கப்பா. போனை எனக்கு நேரா வைங்க."

"அவளக் கூப்பிடலயா?"

"வைங்கப்பா."

வட்டத்துக்குள் பெரியவளின் முகம் வந்தது. தலையைத் திருப்பச் சொன்ன குரலைக் கேட்டுக்கொண்டு, இமைக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்தது. மறுபடி வைக்கச் சொன்னாள். மூன்று முறை. கணக்குப் பூட்டிக்கொண்டது.

மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசினார். மரியாதையான குரல். பெரியவள் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்.

"மேடம், பதிவுல இருக்கற முகம் வேற, இன்னிக்கு வந்த முகம் வேறயா இருக்கே?"

"இன்னிக்கு வந்ததுதான் சார் என்னோடது."

"அப்ப பதிவுல இருக்கறது?"

"என் தங்கச்சியோடது. வேலை முழுக்க நான் செஞ்சேன். என் கழுத்து திரும்பாது சார். உங்க திட்டத்துல என்னைச் சேத்ததே அதுக்காகத்தான்."

"எனக்குப் புரியுது மேடம். ஆனா இது ஆள்மாறாட்டம்னு வருது."

"ஆள் மாறல சார். மூஞ்சிதான் மாறுச்சு. அதுவும் உங்க போனு கேட்டதால."

"நீங்க விதிவிலக்கு ஃபார்ம் போட்டிருக்கலாமே மேடம்?"

பெரியவள் சிரித்தாள். உடம்பு குலுங்கினால் வலிக்கும் என்பதால் அவள் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. அன்றைக்கு வலிக்க வலிக்கச் சிரித்தாள். அந்த மனிதர், "மேடம்? மேடம்?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், கணக்கை மூடுவதாகவும், கருவிகளை ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டுமென்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

சின்னவள் மூன்று மணிக்கு வந்து விஷயம் கேட்டுக் கத்தினாள். "என்னைக் கேக்காம எப்படிப் பண்ணலாம்? நான் வேலைய விடுன்னா சொன்னேன்?" என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். பெரியவள், "நாளைக்கே போய் புதுக்கடைக்கு வர்றேன்னு சொல்லு. சொல்லலன்னா உன்கூடப் பேச மாட்டேன்," என்றாள். சின்னவள் போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டு வந்தும் இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கருவிகளை வாங்க நீலப் பைப் பெண் வந்தாள். வாசலில் நின்று தயங்கினாள். காயில்காரர் கம்பியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. அவளே உள்ளே வந்து, கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, கணினியின் வயரைச் சுற்றத் தொடங்கினாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"உன்னக் கோவிச்சு என்ன ஆகப்போகுது? உனக்குக் கீழ எத்தன பேரு?"

"என் பகுதில இருபத்தாறு பேர்."

"இருபத்தாறு பேருக்கும் தலை திரும்புதா?"

அந்தப் பெண் வயரைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "கண்ணு தெரியாதவர் ஒருத்தர் இருக்கார்க்கா. ரொம்ப நல்லா வேலை செய்வார். 'வட்டத்துக்குள் பாருங்கள்'னு வரும், அவரால பாக்க முடியாதுல்ல? அவருக்குப் பதிலா மருமக பாக்கறா. இன்னொரு அம்மாவுக்கு உடம்பு நடுங்கிட்டே இருக்கும். அவங்களுக்கு அவங்க வீட்டுக்காரர்."

"மொத்தம் எத்தன?"

"எனக்குத் தெரிஞ்சு பதினொண்ணு."

"மேல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க கேக்கறதில்ல. அறிக்கைல எல்லாம் பச்சையா இருக்கு. போன மாசம் அதுக்கு ஒரு விருதுகூடக் குடுத்தாங்க." சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவங்க நம்பரக் குடு."

"ஐயோ, முடியாதுக்கா. என் வேலை போயிரும். ரெண்டு புள்ளைங்க எனக்கு."

"சரி, வேண்டாம். என் நம்பர அவங்களுக்குக் குடு. அது என்னோடது. யாருக்கு வேணும்னாலும் குடுக்கச் சொல்றேன். இதப் பத்தி மேல ஒரு மனு எழுதப் போறேன், சேந்துக்கலாம்னு சொல்லு."

அவள் பையை மாட்டிக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் எந்தப் போனும் வரவில்லை. அது ஒரு மோசமான வாரம். சின்னவள் காலை பஸ் பிடித்துப் போய் இருட்டும் நேரத்துக்குத்தான் வந்தாள். மூன்று மணிக்கு வந்து அக்காவைப் புரட்ட ஆளில்லை, நானும் காயில்காரரும் தட்டுத்தடுமாறிச் செய்தோம். வெயில் ஏறி அறை கொதித்தது. அடிக்கும் சத்தம் இல்லாமல் என் மாடியும் வெறிச்சென்று இருந்தது. பெரியவள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். "வாயத் தொறந்து எதச் சாதிச்சேன் டீச்சர்? அவளுக்கு ஓட்டம் நின்னுச்சு. எனக்கு எல்லாமே நின்னுச்சு."

எட்டாம் நாள் ஒருவர் கூப்பிட்டார். கண் தெரியாதவர். கூப்பிட்டதும் வசவுதான்.

"நீதானா அது? உன்னால எல்லார் கணக்கையும் தோண்டறாங்க. எதுக்கும்மா உனக்கு இந்த வீராப்பு? நான் பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டுக் கிடந்தேன். நாப்பது வயசுக்கு மேல கெடைச்ச வேலை!" என்று கால் மணி நேரம் கத்தினார். அவரே வைத்துவிட்டார். அன்று முழுக்கப் பெரியவள் சாப்பிடவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி அவரே கூப்பிட்டார்.

"நேத்து ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். என் மருமக அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரணும்னு ரெண்டு மாசமாக் கேக்கறா. நான்தான் விடல. மூஞ்சி வேணுமே. நீ என்னமோ எழுதப் போறன்னு அந்தப் பொண்ணு சொன்னா. எழுதிட்டியா?"

"பாதி எழுதியிருக்கோம்ண்ணா."

"என் பேரையும் போடு."

அந்த மனுவுக்கு என்ன ஆனதென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடல் நடுங்கும் அந்த அம்மாவும் சேர்ந்துகொண்டாள். மற்ற ஒன்பது பேரில் நான்கு பேர் கூப்பிட்டு, எங்கள் பிழைப்பைக் கெடுக்காதே என்றார்கள். மீதிப்பேர் கூப்பிடவே இல்லை. மூன்று பெயரோடு மனு போனது. உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. நான் வீடு மாறிப் போகும்வரை வேறு எதுவும் வரவில்லை. இவர்கள் ஒவ்வொரு மாதமும் மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கண் தெரியாதவர் தன் பெயரைப் போடச் சொன்ன அந்த முதல் மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனுவை எழுதியது நான். பெரியவள் சொல்லச் சொல்ல, என் பழக்கத்துக்குக் கொஞ்சம் மெருகேற்றி எழுதியிருந்தேன்.

"படிச்சுக் காட்டு," என்றார் போனில் அவர்.

நான் படித்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, கீழ்க்கண்டவர்களாகிய நாங்கள் தங்களிடம் பணிவுடன் வேண்டிக்கொள்வது..."

"நில்லுங்க நில்லுங்க. பணிவுடனா? அவங்க கேட்டபடியெல்லாம் மூஞ்சியக் கடன் வாங்கிக் காட்டினமே, அதவிடப் பணிவு எங்கயிருந்து வரும்? அத எடுங்க," என்றார் அவர்.

நான் பெரியவளைப் பார்த்தேன். வியர்வையில் நெற்றி முடி ஒட்டிக்கிடந்தது. எதிரே வரச்சொல்லி என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். போனேன்.

"அந்த வார்த்தைய அடிச்சிருங்க டீச்சர்," என்றாள். "நல்லா அழுத்தி அடிங்க, தாளோட பின்பக்கமும் தெரியட்டும்."